மடிப்புத் தையல்

மாரிசெல்வம் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புது பெல்ட்டை எடுத்து உதறியபோது பானுமதி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று என்று கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள் சரிந்து தொங்கின. உயரமான கட்டடங்களில் மாரிசெல்வம் மாதிரி கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைக்கிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்வது. முதுகுப்பக்கம் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனால் அந்தப் பெயரின் ஒவ்வொரு வளைவும் தெரியும். இரண்டு வருடமாக நஜிமுதீன் பாயின் பட்டறையில் அதே மாதிரி பெல்ட்டைத்தான் தைக்கிறாள். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும்.

விலையைச் சொன்னான். அந்த விலைக்கு அவள் தைக்கிற பெல்ட் எட்டு வரும்.

"நான் தைக்கிறது ஒங்களத் தாங்காதோ?"

"அப்படிச் சொன்னேனா?"

"பின்ன என்னத்துக்கு இது?"

அவன் பெல்ட்டை ஆணியில் மாட்டினான். "தேவ்நார்ல பூலோகத்தப் பாத்துட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டான். பூலோகம் அவனோடு கயிற்றில் ஏறுகிறவன்.

பட்டறையில் ஆறு மிஷின் ஓடினாலும் ஆள் எடையைத் தாங்குகிற தையலை பாய் அவளிடம் மட்டும்தான் கொடுப்பார். மற்றவர்கள் மூன்று வரி போடுகிற இடத்தில் அவள் நான்கு போடுவாள். ஒவ்வொரு பட்டையைத் திருப்பும்போதும் இதில் ஒருத்தன் தொங்கப்போகிறான் என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஒருத்தனுக்கு எப்போதும் புருஷன் மாரிசெல்வத்தின் முகம்தான். அவனுக்கு மட்டும் அவள் கைமேல் நம்பிக்கை இல்லை.

பெல்ட்டை எடுத்து மடியில் போட்டு ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். சீராகத்தான் இருந்தது. ஆனால் தன்னுடையதைவிட ஒசத்தி என்று சொல்ல ஒன்றுமில்லை. மார்புக்குப் பக்கத்தில்தான் ஒரு குறை பிடிபட்டது. அங்கே பட்டையை ஒருமுறை மடித்து, மெல்லிய நூலால் பேருக்கு நாலு தையல் போட்டிருந்தான் கம்பெனிக்காரன். நகத்தால் நெம்பினால் வந்துவிடும் போலிருந்தது. பாய் முதன்முதலில் கொண்டுவந்த சாம்பிளிலும் அந்த மடிப்பு இப்படித்தான் இருந்தது. வேலை தெரியாதவன் தைத்தது என்று நினைத்து, அன்றிலிருந்து கெட்டி நூலில் சதுரம் போட்டு நடுவில் குறுக்காக இரண்டு கோடும் ஓட்டிவிடுவாள். பாய்கூட மெச்சியிருக்கிறார். இத்தனை விலை வாங்கிக்கொண்டு இவன் இந்த லட்சணத்தில் தைத்திருக்கிறான்!

ஞாயிற்றுக்கிழமையிலும் பட்டறை திறந்திருந்தது. கோபத்தில்தான் எடுத்துக்கொண்டு போனாள். மிஷினில் உட்கார்ந்து மடிப்பின்மேல் ஊசி இறங்க இறங்கக் கோபம் எங்கேயோ போய்விட்டது. அசல் கம்பெனிக்காரன் விட்டதை நான் சரிசெய்துவிட்டேன் என்று ஒரு நிறைவு. கூடவே, இனி மாரிசெல்வத்தின் நெஞ்சுமேல் தன் தையலும் இருக்கும் என்ற எண்ணம். அதை அவனிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் மாரிசெல்வம் பட்டை பட்டையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். மடிப்பில் விரல் நின்றது.

"இத யாரு தச்சா?"

"நான்தான். நூலு இத்துப்போன மாதிரி இருந்துச்சு. கெட்டியாப் போட்டுருக்கேன்."

அவன் கத்தவில்லை. பெல்ட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அது பியிறதுக்குத்தான்ட்டி அப்படித் தச்சுருக்கான். ஆளு தவறி விழுந்தா அந்த மடிப்பு பிஞ்சு தொங்கும். இந்த பெல்ட் ஒரு அடி வாங்கிருச்சு, இனி இத யாரும் கட்டாதீங்கன்னு அர்த்தம். மத்த தையலெல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ள விட்டுப்போயிருக்கும்."

அவள் குனிந்து மடிப்பின்மேல் தான் போட்ட சதுரத்தைப் பார்த்தாள்.

"தாணே சைட்டுல ஒருத்தன் சறுக்கிட்டான். பெல்ட் தாங்கிச்சு. கழட்டி மத்ததோட மாட்டிட்டாங்க. மடிப்பு பியல, அப்புறம் எது விழுந்த பெல்ட்டுன்னு எவனுக்குத் தெரியும்? நாலாம் நாளு பூலோகம் அதக் கட்டிட்டு ஏறுனான். பெல்ட் அந்துருச்சு. முதல் மாடியில இருந்துதான் விழுந்தான், காலோட போச்சு."

"நம்ம பட்டறையில தச்ச பெல்ட்டா?"

"தெரியாது." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அதனாலதான் ஒங்கிட்ட சொல்லல."

தைத்ததைப் பிரித்துத் தரட்டுமா என்று கேட்டாள். ஊசி ஏறிய பட்டையை இனி நம்ப முடியாது என்றான். ஒரு வாரம் கீழே நின்று கயிறு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குக் கூலி பாதிதான்.

பட்டறையில் அவள் சொல்லி முடித்ததும் நஜிமுதீன் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"சாம்பிள்ல மடிப்பு இருந்துச்சு, நாமளும் வச்சோம். எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டோமா புள்ள?"

"போனதெல்லாம் எங்க பாய் இருக்கும்?"

பெல்ட்டை மொத்தமாக வாங்குகிற கடைக்காரருக்கு அவர் போன் போட்டார். ஹிந்தியில் கொஞ்ச நேரம் கெஞ்சினார். விற்காமல் இருக்கிற இரண்டு மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், மற்றது எந்த ஊருக்குப் போனதோ தெரியாது என்று அந்தப் பக்கம் சொன்னது அவளுக்கும் கேட்டது.

பட்டறையில் புதிதாகத் தைத்த பெல்ட் ஒன்றில் மடிப்பை மெல்லிய நூலால் தைத்தாள். எவ்வளவு மெல்லிசு? சட்டை தைக்கிற நூல் கையால் இழுத்ததும் பிய்ந்தது. அடுத்த நூலைப் பாயும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொங்கியும் அசையவில்லை.

"அந்தக் கம்பெனிக்காரன் எப்படிக் கண்டுபிடிச்சுருப்பான்?"

"ஆள் எடையக் கட்டிக் கீழ போட்டுப் பாத்துருப்பான் பாய்."

"எத்தன தடவ?"

அவள் நடுத்தரமான நூல் ஒன்றை எடுத்துத் தைத்தாள். ஆளுக்குப் பதிலாக ஒரு கோணியில் தோல் துண்டும் பெல்ட்டுக்கான இரும்புப் பக்கிளும் போட்டு நிரப்பினார்கள்.

"ஒன் வீட்டுக்காரர் எத்தன கிலோ இருப்பாரு?"

"அறுபத்தஞ்சு இருக்கும்."

தராசில் வைத்து இன்னும் கொஞ்சம் பக்கிள் அள்ளிப் போட்டார். பெல்ட்டைக் கோணிக்கு மாட்டி, பரணின் இரும்பு உத்திரத்தில் கயிற்றைக் கட்டினார்கள். நான்கு பேர் சேர்ந்து பரண் விளிம்புக்கு ஏற்றினார்கள். தோள்பட்டையும் இடுப்புமாக அது ஓர் ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. பாய் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொன்னார். சந்தில் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"தள்ளவா?"

"இருங்க பாய்."

பானுமதி ஏணியில் ஏறிப் போய், கோணியின் தொடைப்பட்டையை இன்னும் ஒரு துளை இறுக்கினாள்.