செங்கமலத்தின் கடைசிச் சரணம்

என் மனைவி சுசிலா கடைசியாகப் பாடியது ஈஸ்ட் ஹாமில், ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம். குரல் ஒரு பாட்டுக்குமேல் தாங்காது என்று இருவருக்கும் தெரியும். அந்த ஒரு பாட்டாகச் செங்கமலத்தின் தோடி ராகக் கீர்த்தனையை அவள் எடுத்துவைத்திருந்தாள்.

செங்கமலம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். இளவயதில் கணவனை இழந்தாள். வெளியே பாடக் கூடாது என்று கணவன் வீட்டார் தடுத்தபோது, அடைத்த கதவுக்குள் வீணையை வைத்துக்கொண்டு பாட்டுக் கட்டினாள். பாட்டுகள் ஊரெல்லாம் போயின, பெயர் போகவில்லை. இயற்றியவரின் பெயர் கடைசிச் சரணத்தில்தான் வரும். நேரமில்லை என்று பாடகர்கள் வழக்கமாக விடுவதும் அதைத்தான். அவளுடைய தோடியை யாரோ ஒரு சுவாமிகள் செய்தது என்றே பலரும் நம்பினார்கள். ஒரு சபையிலாவது அவள் பெயரைக் கேட்கவைக்க வேண்டும் என்று சுசிலா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று பிரதம விருந்தினர்கள் நீளமாகப் பேசினார்கள். பொன்னாடைகள் எல்லாம் போர்த்தி எங்கள் முறை வந்தபோது மண்டபத்தைப் பூட்டும் நேரம் நெருங்கிவிட்டது. சங்கத் தலைவர் அம்பலவாணன் மேடையோரம் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, பல்லவியும் அனுபல்லவியும் பாடி முடியுங்கோ. அதுக்குமேல ஏலாது."

"பேச்சைச் சுருக்கியிருந்தா எங்களைச் சுருக்கத் தேவையில்லை அண்ணை" என்றான் மிருதங்கத்துக்கு இருந்த சிவதர்ஷன். அவர் கேளாததுபோல் மைக்கைப் பிடித்து, அடுத்ததாகச் சுவாமிகளின் கீர்த்தனை என்று அறிவித்துவிட்டுப் போனார்.

தம்புராவுடன் பின்னால் இருந்த என்னைச் சுசிலா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பல்லவியைப் பாடினாள். அடுத்தது அனுபல்லவி. அவள் குரலின் அழகெல்லாம் ஏறி நிற்கும் இடம் அது. சபை அதற்காகவே காத்திருக்கும். அதை விட்டாள். நேரே கடைசிச் சரணத்துக்குப் போனாள். சிவதர்ஷன் ஒரு கணம் திகைத்துப் பிறகு பிடித்துக்கொண்டான். செங்கமலம் என்ற பெயரில் நின்று, அதையே ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழியில் பாடினாள். குரல் கரகரத்தது. மறைக்க முயலவில்லை.

முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது மேடைக்கே கேட்டது: "ஆரப்பா அந்தச் செங்கமலம்?"

நன்றியுரைக்கு அம்பலவாணன் வந்தபோது சுசிலா மைக்கைக் கொடுக்கவில்லை.

"அண்ணை, இது சுவாமிகள் செய்ததில்லை. செங்கமலம் எண்ட பொம்பிளை செய்த பாட்டு. அதைச் சொல்லிப்போட்டு முடியுங்கோ."

அவர் சொன்னார். நல்ல மனிதர், தான் சொன்னது பிழை என்றும் சொன்னார்.

வெளியே கடும் குளிர். பெண்கள் நாலைந்து பேர் காரடியில் அவளைச் சூழ்ந்துகொண்டு, செங்கமலம் எந்த ஊர், வேறென்ன பாட்டுச் செய்தாள் என்று கேட்டார்கள். தொண்டையில் குளிர் படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் கூப்பிடவில்லை. கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல், கைகளை வீசி வீசி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.