ஷெனாலி வரைந்த கோயில்

ரஜீவ் சிரித்துக்கொண்டே என் அறைக்குள் வந்தான். மூன்று மாத விசாரணையில் அந்த மனுஷன் ஒரு தரம்கூடச் சிரித்ததில்லை. ஒரு நாள் கதிரையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். இன்னொரு நாள் காது கூசத் தூஷணத்தில் திட்டினான். எங்கள் பழக்கம் அவ்வளவுதான்.

"ஒங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன் மிஸ்," என்றான். கையில் நான் எழுதிய அறிக்கை. "எம் மக என்னமா வரையுது பாருங்க."

நான் உளவியலாளர். பிரிந்து வாழும் தம்பதிகளின் பிள்ளைகளை நீதிமன்றம் என்னிடம் அனுப்பும். பேசிப் பார்த்து, பிள்ளை யாரோடு இருப்பது நல்லது என்று எழுதிக் கொடுப்பேன். ரஜீவின் மகள் ஷெனாலிக்கு ஏழு வயது. அவன் அடித்துத் தாடையை உடைத்த பிறகு, அவன் மனைவி கிருஷாந்தினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் ஒளிந்திருந்தாள். எங்கே என்று நீதவானுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

முன்பெல்லாம் என் அறிக்கை நீதவானின் மேசையோடு சரி. இந்த வருடம் சட்டம் மாறியது. அறிக்கையின் ஒவ்வொரு தாளும், இணைப்புகளோடு, இரண்டு தரப்புக்கும் போக வேண்டுமாம். கெட்ட சட்டம் என்று சொல்ல மாட்டேன். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் பிள்ளையை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அதை விளக்கிய கூட்டத்தில் முதல் ஆளாய்க் கை தட்டியதும் நான்தான். கிருஷாந்தினியின் விலாசத்தை எல்லாத் தாளிலும் கறுப்பு மையால் அழித்தேன். பாடசாலைப் பெயரை அழித்தேன். பஸ் நம்பரைக்கூட விடவில்லை. பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

ஷெனாலி வரைந்த படத்தை மட்டும் அப்படியே இணைத்துவிட்டேன். "நீ இருக்கிற வீட்ட வரைஞ்சு காட்டு" என்று பிள்ளைகளிடம் கேட்பது என் வழக்கம். யாரைப் பெரிதாக வரைகிறார்கள், யாரை மூலையில் தள்ளுகிறார்கள் என்று பார்ப்பேன். ஷெனாலி அம்மாவைக் கதவை விடப் பெரிதாக வரைந்திருந்தாள். அந்த அம்மாவைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். பின்னால் நின்ற கோயில் என் கண்ணிலேயே படவில்லை.

ரஜீவின் விரல் அந்தக் கோயிலில்தான் போய் நின்றது.

"வஹகோட்டை அந்தோனியார் கோயிலு. எனக்கு மொட்ட போட்டதே அங்கதாங்க மிஸ். இந்தா, மெழுகுதிரிக் கட. அதுக்குப் பின்னுக்கு வீடு. புள்ள ஒண்ணையும் விடல்ல."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வெளியே மோட்டார் சைக்கிள் உறுமியது.

கிருஷாந்தினி போனை எடுக்கவில்லை. பொலிசுக்கு எடுத்தேன். ஏதாவது நடந்துவிட்டதா என்று கேட்டார்கள். இன்னும் நடக்கவில்லை என்றேன். ஆள் அனுப்பப் பார்ப்பதாகச் சொன்னார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். என்னை வழக்கமாக ஏற்றிப் போகும் ஸப்வானின் ஆட்டோ வாசலில் நின்றது, பாய்ந்து ஏறினேன். தம்புள்ளையில் மரக்கறி லொறிகள் பாதையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒவ்வொரு லொறிக்காரனையும் இழுத்துப் போட்டு அறைய வேண்டும் போல இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்குரிய நாள். கோயில் முழுக்கச் சனம், ஒலிபெருக்கியில் ஜெபம். மெழுகுதிரிக் கடைக்குப் பின்னால் ஒருத்தி அலறியது யாருக்கும் கேட்காததற்கு அதுதான் காரணம்.

கதவு பிளந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் ஷெனாலி. கட்டிலுக்கு முன்னால் முழந்தாளில் கிருஷாந்தினி. ரஜீவின் கையில், தோட்டத்தில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. அதன் அலகை அவள் வெறும் கையால் பிடித்திருந்தாள்.

"வெளிய எடுடி புள்ளய!"

"என்னக் கொன்னுட்டு எடு."

அவன் கத்தியை இழுத்தான். இரண்டு விரல்கள் சிமெந்துத் தரையில் விழுந்தன. அப்போதும் அவள் அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை.

மூலையில் ஓர் உலக்கை சாய்ந்திருந்தது. எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். எலும்பு முறிவது கேட்டது. விழுந்தான், கத்தி தூரப் போனது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. தோளில் அடித்தேன். முதுகில் அடித்தேன். "மிஸ், வேணாம் மிஸ்," என்று கத்தியவனின் வாயில் அடித்தேன். கோபம் வந்தால் மூச்சை எண்ணச் சொல்லிப் பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். ஒவ்வோர் அடியும் எனக்கு இனித்தது. ஸப்வான் ஓடிவந்து உலக்கையைப் பிடுங்காவிட்டால் அவனைக் கொன்றிருப்பேன்.

ஐந்து வாரம் கழித்து நீதிமன்றம் புதிய அறிக்கை கேட்டது. ரஜீவ் விளக்கமறியல் சிறையில் இருந்தாலும் வழக்கில் அவனும் ஒரு தரப்புத்தான், எல்லாத் தாளும் அவனுக்கும் போகும். நானே பிழை செய்தவள், அவனை அடித்தவளும் நான்தான், வேறு ஆளைப் போடுங்கள் என்று எழுதினேன். தமிழில் பேச வேறு ஆள் இல்லை என்று பதில் வந்தது.

கையில் கட்டோடு கிருஷாந்தினி வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஷெனாலியின் முன்னால் தாளையும் கிரேயோன் பெட்டியையும் வைத்தேன். பாழாய்ப் போன பழக்கம்.

அவள் கிரேயோன்களை வெளியே எடுத்தாள். ஒன்றையும் தொட்டு வரையவில்லை.

"நான் கோயில வரைஞ்சதாலயா மிஸ், அம்மாவோட வெரலு போச்சு?"

"இல்லடா தங்கம். அத அப்பாவுக்கு அனுப்பினது நான். பிழை என்னுது."

அவள் வெற்றுத் தாளை விரலால் தொட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப வரைஞ்சா, இதயும் அனுப்புவீங்களா?"

அனுப்ப மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அனுப்பத்தான் வேணும்மா," என்றேன்.

ஷெனாலி கிரேயோன்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள். மூடியை அழுத்தி மூடி, பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.