மூக்கக்காவின் காது

நான்காம் நம்பர் மேஜையில் காலையிலிருந்து கறுப்பு விழுந்துகொண்டிருந்தது. பழைய டிவியின் முதுகு, பிரிண்டரின் மூடி, கீபோர்டின் அடிப்பலகை, யார் வீட்டிலோ பத்து வருடம் உழைத்து ஓய்ந்த மோடத்தின் ஓடு என்று எல்லாம் உடைபட்டு, உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் துண்டுகளாகி, பெல்ட்டில் ஏறி வந்து கொட்டின. மூக்கக்கா ஒவ்வொன்றையும் எடுத்து, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டி, மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்து, இடது கூடையிலோ வலது கூடையிலோ போட்டாள். ஒரு துண்டுக்கு இரண்டு விநாடி. அதற்கு மேல் ஆனால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

இடது கூடை நல்ல கறுப்பு. உருக்கினால் மறுபடி டிவியாகவோ பக்கெட்டாகவோ பிறவி எடுக்கும். வலது கூடை மருந்துக் கறுப்பு. சூட்டில் தீப்பிடிக்காமல் இருக்கச் செய்யும்போதே அதில் ஒரு மருந்தைக் கலந்துவிடுவார்கள். அதில் நாலு துண்டு நல்ல கறுப்போடு போய்ச் சேர்ந்தால் வாங்குகிற கம்பெனி லாரியோடு திருப்பி அனுப்பிவிடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இதற்கென்றே போன வருடம் ஒரு மெஷின் வந்தது. அது வந்த அன்று வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தனி அறை கொடுத்தார்கள். ஏசி போட்டார்கள். எந்நேரமும் அதற்கு என்ன வேண்டும் என்று நாலு பேர் சுற்றி நின்றார்கள். தொழிற்சாலையில் எல்லோரும் அதை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். வெள்ளை, சாம்பல், நீலம் எதுவானாலும் மாப்பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துத் தள்ளும். கறுப்பைக் கண்டால் மட்டும் திருதிருவென்று முழிக்கும். அது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியை வைத்து இனம் சொல்லுகிற மெஷின். கறுப்பு அந்த ஒளியை முழுங்கிவிட்டுப் பேசாமல் கிடந்தது. அதனால் கறுப்பெல்லாம் பழையபடி நான்காம் நம்பர் மேஜைக்கே வந்தது. மேஜைக்கு மேலே ‘மோப்பப் பரிசோதகர்’ என்று ஒரு பலகை தொங்கியது.

“என்னக்கா, இன்னைக்கு மூக்கு ரொம்ப நீளமா இழுக்குது?” என்றாள் பக்கத்தில் கூடைகளை எடை போட்டுக்கொண்டிருந்தவள். எட்டு வருடமாக அவளுக்கு அதுவே வேலை என்பதால் பெயரும் தராசு என்றே ஆகிவிட்டது.

“சூப்பர்வைசர் அங்க நிக்கிறாருடி. வெறுமனே தட்டிப் போட்டா சந்தேகம் வராதா?”

“நடிப்புக்குன்னு தனியா சம்பளம் கேளு.”

மூக்கக்கா சிரித்தபடியே அடுத்த துண்டை எடுத்து இழுத்தாள். அவளுக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மூன்று வருடமாகவே தெரியாது.

கம்பெனி வருவதற்கு முன்னால் அவள் ஒரு சந்துக்குள் தகரக் கூரைக்கடியில் இதே வேலையைச் செய்தவள். துண்டின் ஓரத்தில் லைட்டரைப் பிடித்து, எழும்புகிற புகையை முகர்ந்து, இது இன்ன சாதி என்று சொல்லிவிடுவாள். அந்த வட்டாரத்தில் அவளை அடிக்க ஆளில்லை. கம்பெனி தொடங்கியபோது இந்தச் சூப்பர்வைசரே சந்து தேடி வந்து, “உங்க மூக்கு எங்களுக்கு வேணும்க்கா” என்று கூட்டிக்கொண்டு போனான். இங்கே லைட்டர் கூடாது என்றார்கள். கத்தியால் சுரண்டி, சுரண்டிய சூட்டில் வருகிற வாடையைப் பிடித்தாள். அதிலும் தூள் உள்ளேதான் போனது. முகத்துக்கு ஒரு துணி கட்டிக்கொள்ளலாம் என்றால், மூக்கை மூடிக்கொண்டு எப்படி மோப்பம் பிடிப்பது?

ஒரு நாள் வீட்டில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, வாசலில் இருந்த அவள் கணவன், “பால் தீயுதே, தெரியலையா?” என்று கத்தினான். பாத்திரத்தின் அடி கருகிப் போயிருந்தது. அவள் சோப்பை எடுத்து முகர்ந்தாள். வெங்காயத்தை நசுக்கி முகர்ந்தாள். பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்குக்குள்ளேயே வைத்தாள். எதுவும் வரவில்லை. அன்றைக்கு அவள் அழுதாள்.

மறுநாள் மேஜையில் உட்கார்ந்தவள் துண்டுகளை வெறுமனே எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஒரு துண்டு நழுவித் தரையில் விழுந்தது. ‘தொப்’ என்றது. இன்னொன்றை எடுக்கும்போது அதுவும் விழுந்தது. அது ‘டிங்’ என்றது. அவள் இரண்டையும் பொறுக்கி, அருகருகே வைத்து, மாற்றி மாற்றித் தட்டினாள். மருந்து கலந்தது கனத்த குரலில் பேசியது. நல்லது மெல்லிசாகப் பாடியது. இத்தனை வருடமாகக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, மூக்கு கேட்கவிடவில்லை. ஏற்கெனவே பிரித்து வைத்த இரண்டு கூடைகளிலிருந்தும் தராசு எடுத்துக்கொடுத்த துண்டுகளை அந்த வாரம் முழுக்க நேரம் கிடைத்தபோதெல்லாம் தட்டித் தட்டிப் பழகினாள். அரவை மெஷின் ஒரு பக்கம், பெல்ட் ஒரு பக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காத அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அந்தச் சின்ன வித்தியாசத்தை எடுத்தாள் என்றால் அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு லாரிகூடத் திரும்பி வரவில்லை.

பலகையில் மோப்பம் என்று எழுதியிருந்ததால் முகர்வதை மட்டும் விடாமல் நடித்துக்கொண்டு வந்தாள். விஷயம் கணவனுக்கும் தராசுக்கும் மட்டும் தெரியும்.

சூப்பர்வைசர் மேஜைக்கு வந்து, “அக்கா, வியாழக்கிழமை நம்ம கம்பெனிக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்குற குழு வருது” என்றான். “அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் உடம்புப் பரிசோதனை. உங்களுக்கு ஸ்பெஷலா மூக்குக்கு.”

“மூக்குக்கு எதுக்கு சார்?”

“மோப்பத்தால தரம் பிரிக்கிறோம்னு அவங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கோம்ல. மூக்கு நல்லா இருக்குன்னு ஒரு தாள் வேணும். உங்களுக்கு என்ன, கண்ணை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடுவீங்க.”

அவன் போன பிறகு தராசு நிமிரவேயில்லை. போன வருடப் பரிசோதனையில் கண்ணாடி உடைக்கிற அறையிலிருந்து இரண்டு பேர் ஊதச் சொன்ன குழாயில் ஊத முடியாமல் நின்றார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். இருவருடைய தாளிலும் ‘வேலையில் சேரும் முன்பே இருந்தது’ என்ற கட்டத்தில்தான் டிக் அடித்திருந்தது.

சாயங்காலம் அவள் விஷயத்தைச் சொன்னபோது கணவன் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு படுத்திருந்தான். லாரி ஓட்டி ஓட்டித் தேய்ந்த முதுகு. இரண்டு வருடமாக அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

“உள்ளதைச் சொல்லிடேன். காதாலதான் பிரிக்கிறேன்னு சொல்லு. வேலை ஒழுங்கா நடக்குதுல்ல?”

“சொன்னா மூக்கு எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க.”

“எப்படிப் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்ங்க. அதுக்குத்தான் அந்தக் கட்டம் வெச்சிருக்காங்க.”

 அவன் முனகிக்கொண்டே எழுந்து, அலமாரியிலிருந்து ஐந்து டம்ளர்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சமையல் சாமானைப் போட்டு அவள் முன்னால் வைத்து, “கண்ணை மூடு” என்றான். ஐந்தையும் அவள் தப்பாகச் சொன்னாள். ஆறாவதாக ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்தான். அவள் அதை லேசாகக் குலுக்கிவிட்டு, “தேங்காயெண்ணெய். கால் பாட்டில்தான் இருக்கு” என்றாள். அவன் முதுகு வலியை மறந்து சிரித்துவிட்டான்.

புதன்கிழமை நர்ஸின் அறைக்குத் தராசு முதலில் போய்த் திரும்பினாள். வந்ததும் மூக்கக்காவின் காதில் ஓதினாள்: “மூடியோட பழுப்புப் பாட்டில் அஞ்சு. உனக்குத்தான்னு நிரப்பிக்கிட்டு இருந்தாங்க. காபித்தூள், அந்துருண்டை, ஷாம்பு, மண்ணெண்ணெய். அஞ்சாவது என்னன்னு பாக்க முடியலக்கா.”

நர்ஸ் நல்ல பெண். “உக்காருங்கம்மா. பயப்படாதீங்க, ஊசி இல்ல” என்றாள். மேஜையில் பாதி நறுக்கிய எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. மூக்கக்கா அதைப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

முதல் பாட்டில் கைக்கு வந்தது. திறக்கிறாற்போலத் திருகி, காதோரமாக உயர்த்தி, பிறகு மூக்குக்குக் கொண்டுபோனாள். உள்ளே சரசரத்தது. “காபித்தூள்.” அடுத்ததில் உருண்டை கண்ணாடியில் முட்டியது. “அந்துருண்டை.” மூன்றாவது சோம்பேறித்தனமாக அசைந்தது. “ஷாம்பு.” நான்காவது மெல்லிசாக ஓடியது, சத்தம் சட்டென்று அடங்கவில்லை. “மண்ணெண்ணெய்.”

“சூப்பர்ம்மா. சும்மாவா மூக்கக்கான்னு பேரு வெச்சாங்க!”

ஐந்தாவதும் நீர்போல ஆடியது. அது மண்ணெண்ணெய் இல்லை, ஓசை வேறு. அவள் ஆழமாக ஓர் இழுப்பு இழுத்து, “எலுமிச்சைச் சாறு” என்றாள்.

நர்ஸ் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூக்கக்கா கண்ணைத் திறந்தாள்.

“இதுல ஒண்ணுமே இல்லம்மா. வெறும் தண்ணி” என்றாள் நர்ஸ் மெதுவாக. “ஒண்ணும் வரலன்னு சொல்றாங்களான்னு பாக்கறதுக்கு வெச்சது.” பிறகு மண்ணெண்ணெய் பாட்டிலைத் திறந்து மூக்குக்கு நேரே நீட்டினாள். மூக்கக்காவின் கண் சுருங்கக்கூட இல்லை. “எப்பலேருந்தும்மா?”

“மூணு வருஷமா. இங்க வந்து அஞ்சு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு.”

நர்ஸ் பேனாவை ‘வேலையால் வந்தது’ என்ற கட்டம் வரைக்கும் கொண்டுபோனாள். கடைசியில், “வேற கட்டத்துல போட்டா என்னைக் கேள்வி கேப்பாங்கம்மா” என்று சொல்லி, பழைய கட்டத்திலேயே டிக் அடித்தாள்.

சூப்பர்வைசர் தாளோடு நான்காம் நம்பர் மேஜைக்கு வந்தபோது அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. “மூணு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கீங்களேக்கா.”

மூக்கக்கா எழுந்து, மேஜைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். “நீங்களே தட்டுங்க சார்.”

“என்னது?”

“ஸ்க்ரூ டிரைவர் அங்க இருக்கு. எடுத்துத் தட்டுங்க.”

அவன் தட்டினான். “வலது” என்றாள். அவன் இன்னொன்றைத் தட்டினான். “இடது.” பெல்ட்காரன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். அரவை மெஷின்காரனும் வந்தான். நாற்பது துண்டு தட்டினான் சூப்பர்வைசர். நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே தன் செல்போனின் முதுகைத் தட்டினான். “அது இன்னும் குப்பைக்கு வரல சார், பையில வையிங்க” என்றாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நாற்பதையும் பரிசோதனை அறைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“இது என்னக்கா வித்தை!” என்றான் சூப்பர்வைசர். அவன் உண்மையாகவே மலைத்துப் போயிருந்தான். பிறகு கையிலிருந்த தாள் ஞாபகத்துக்கு வந்தது. “ஆனா பேப்பர்ல மோப்பம்னு இருக்கேக்கா. தட்டிக் கேட்டுப் பிரிக்கிறோம்னு எங்கயும் இல்லையே. மாத்தணும்னா முதல்லேருந்து எல்லாம் எழுதணும். நாளைக்குக் குழு வந்து நிக்குது.”

“அப்ப நான் வீட்டுக்கா?”

“சேச்சே, உங்களை விடுவேனா?” அவன் குரல் தெளிந்தது, நல்ல சேதி கொண்டுவந்தவன் குரல். “சூடேத்துற ரூம்ல ஆளே நிக்க மாட்டேங்குறாங்க. வாடை தாங்கலன்னு வாரத்துக்கு ஒருத்தர் ஓடறாங்க. உங்களுக்குத்தான் வாடையே தெரியாதே. அதே சம்பளம். மேலிடத்துல நான் பேசிக்கிறேன்.”

மூக்கக்கா ஸ்க்ரூ டிரைவரை அவன் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை குழு வந்தது. நான்காம் நம்பர் மேஜையில், மோப்பப் பரிசோதகர் பலகைக்குக் கீழே தராசு உட்கார்ந்திருந்தாள். அவள் மூக்கு நன்றாக இருக்கிறது என்று முந்தின நாள் சாயங்காலமே ஒரு தாள் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த புது முகக்கவசம் ஒன்றை அவள் கழுத்தில் மாட்டினார்கள். ஒரு கறுப்புத் துண்டை முகரச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். சர்ட்டிபிகேட் கிடைத்தது.

குழுவின் கார் வெளிக்கேட்டைத் தாண்டியதும் தராசு எழுந்தாள். கறுப்புத் துண்டுகள் குவிந்த தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கமாக நடந்தாள். அங்கே தகரக் கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல். உள்ளே, பழுக்கச் சூடான தட்டில் பச்சை சர்க்யூட் போர்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஈயம் இளகியதும் இடுக்கியால் சிப்புகளைப் பிடுங்குவார்கள். தராசு முழங்கையால் ஜன்னலை இடித்தாள். தகரம் திறந்தது. முதலில் புகை வந்தது. பிறகுதான் மூக்கக்காவின் முகம் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன.

தராசு சட்டைக் கையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, கழுத்திலிருந்த முகக்கவசத்தைக் கழற்றி நீட்டினாள். “இதையாவது போட்டுக்கோக்கா.”

“காலைலயே ஒண்ணு கேட்டு வாங்கிப் போட்டுப் பாத்தேன்டி. அதுக்குள்ள என் மூச்சு எனக்கே புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது. தட்டுற சத்தம் காதுல விழாது.” மூக்கக்கா பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். “சீக்கிரம் கொடு. அடுப்புல போர்டு கெடக்கு.”

தராசு தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மூக்கக்கா முகத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, முதல் துண்டைத் தட்டினாள்.

“இடது.”

அடுத்ததைத் தட்டினாள். உள்ளேயிருந்து புகை அவள் தோளைச் சுற்றிக்கொண்டு வந்தது. தராசு இருமினாள்.

“இருமாதடி, கேக்கல” என்று சொல்லிவிட்டு மூக்கக்கா மறுபடியும் தட்டினாள். “வலது.”