ஆடிக்கு முந்தின திங்கள்கிழமை

காலையிலேயே திலகவதிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. பிடரியில் கம்பியைச் செருகி யாரோ முறுக்கிவிட்டது மாதிரி இருந்தது. தைலம் தேய்த்து, சும்மாட்டுத் துணியை இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி வைத்தும் வலி கேட்கவில்லை. தளம் போடுகிற நாளில் கழுத்துவலி என்று சொன்னால் மேஸ்திரி, "அப்ப வீட்டுல படுத்துக்க" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அவள் சொல்லவில்லை. பதினோரு மணிக்குள் சாரத்தில் ஏறி எழுபது எண்பது சட்டி கொட்டியிருப்பாள். பதினேழு வருசமாக இதே ஏறுதல்தான். ஆலங்குடியிலும் கீரமங்கலத்திலும் அவள் தலை வழியாகப் போன தளங்களை எண்ணினால் ஒரு தெரு வரும். அவள் குடியிருந்தது மூவாயிரத்து ஐந்நூறு வாடகையில், சிமெண்டு சீட்டுக்குக் கீழே.

டீ குடிக்க இறங்கியபோது போன் அடித்தது. வீட்டுக்கடன் கொடுக்கிற ஆபீசில் வேலை பார்க்கும் அருணா.

"அக்கா, ஒரு சிக்கல். உங்க பேர்ல ஏற்கனவே வீடு இருக்குன்னு காட்டுதுக்கா."

"எம்பேர்லயா? எந்த ஊர்லம்மா?"

"குன்றாண்டார்கோவில் பக்கம். காங்கிரீட் வீடு. வரி ரசீது உங்க பேரு, ரத்தினவேல்னு ஒருத்தர் பேரு, ரெண்டுலயும் இருக்கு. முதல் வீடு வாங்குறவங்களுக்குத்தான்க்கா மானியம். அந்தப் பேர எடுத்துட்டு வந்தா அனுப்பிரலாம். முப்பத்தொண்ணாந்தேதியோட திட்டம் முடியுது. கடைசி வரைக்கும் விட்றாதீங்க."

கலவை மிஷின் ஓட்டுகிற சந்தனம் பக்கத்தில் உட்கார்ந்து வடையைத் தின்றுகொண்டிருந்தான். காது அவனுக்குக் கூர்மை.

"அடி ஆத்தா, ஒனக்குக் காங்கிரீட் வீடு இருக்கா? பால் காய்ச்சக்கூட எங்களக் கூப்புடலையே!"

"கூப்புடறேன் கூப்புடறேன். மொய்யி ஆயிரத்தொண்ணுக்குக் கொறஞ்சு வச்சே, எலையில உக்கார விடமாட்டேன்" என்றாள். சிரிக்கும்போது கழுத்து சுண்டியது.

திருவரங்குளம் போகிற ரோட்டில் ஒருத்தர் வரிசையாக ஆறு வீடு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதில் நாலாவது வீட்டுக்குத் தளம் போட்டதே திலகவதி வேலை பார்க்கிற செட்டு ஆட்கள்தான். இரண்டு ரூம், அடுப்படி, பின்னால் துணி துவைக்க ஒரு கல். பதின்மூன்று லட்சம். அதில் ஒன்றே முக்கால் லட்சம் அரசாங்க மானியமாகக் கடன் கணக்கில் கழிந்துவிடும் என்று அருணா கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாள். அந்த ஒன்றே முக்கால் இருந்தால் மாசத் தவணை தாங்கும், இல்லாவிட்டால் தாங்காது, கடனே பாஸ் ஆகாது. அதை நம்பித்தான் திலகவதியும் அவள் வீட்டுக்காரன் சேவுகனும் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். சேவுகன் கம்பி கட்டுகிறவன். அந்த நாலாவது வீட்டின் தூணுக்குக் கம்பி கட்டினது அவன். கூலிக்குக் கட்டின கம்பிதான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

குன்றாண்டார்கோவில் பக்கத்து வீடு அப்பா கட்டினது. அப்பா செத்தபிறகு வாரிசுச் சர்டிபிகேட்டில் அவள் பெயரும் அண்ணன் பெயரும் ஏறி, வரி ரசீதிலும் ஏறிவிட்டது. பெண்பிள்ளை பங்கு கேட்பதில்லை, பொங்கலுக்குச் சீரை வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்பதுதான் அவர்கள் வழக்கம். திலகவதி போடவில்லை. மூன்று வருசமாக அண்ணன் ரத்தினவேல் கேட்டுக்கொண்டே இருந்தான். பங்கு வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. போடுகிறேன் என்றும் சொன்னதில்லை.

காரணம் அவளுடைய நாலு பவுன் சங்கிலி. அப்பாவுக்கு கிட்னி போய் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தினவேல் சிங்கப்பூரில் இருந்தான். "ஒஞ் சங்கிலிய வையி தங்கச்சி, அடுத்த மாசச் சம்பளத்துல திருப்பித் தாரேன்" என்று போனில் அழுதான். வைத்தாள். அப்பா நாற்பது நாள் இருந்து செத்தார். சம்பளம் வந்தது, அவனே ஊருக்கு வந்தான், டிராக்டர் வந்தது, சங்கிலி வரவில்லை. வட்டி கட்ட முடியாமல் அடகுக் கடையில் மூழ்கிப்போனது. அதற்கப்புறம் சங்கிலி என்ற பேச்சே அண்ணன் வாயில் வரவில்லை. அவன் வாயைத் திறக்க வைக்க அவளிடம் இருந்தது அந்த ஒரு கையெழுத்துதான்.

ஆனி மாசத்தின் கடைசி ஞாயிறு. சேவுகனின் வண்டியில் இரண்டு பேரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். ரத்தினவேல் வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். வா திலகா. என்ன, தெச மாறி வந்துட்டீக?"

"கையெழுத்துப் போடலாம்னு வந்தேன்" என்றாள்.

கையிலிருந்த ஓஸ் பைப்பு அதுபாட்டுக்குத் தரையில் தண்ணியைக் கொட்டிக்கொண்டிருக்க, அவன் அவளையே பார்த்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "இந்தா புவனா, தங்கச்சிக்கு எளநி வெட்டு. திலகா, நாளைக்கே போட்டுருவோம். திங்கக்கெழம, நெறஞ்ச நாளு. செலவு பூராம் என்னோடது. வியாழக்கெழம ஆடி பொறந்துருது, அதுக்கு முந்தி முடிச்சுருவோம்."

இளநி வந்தது. பாதி குடித்துவிட்டுத் திலகவதி கீழே வைத்தாள். அதோடு எழுந்து வந்திருக்கலாம். நாளைக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

"சங்கிலிக்கு என்னண்ணே சொல்ற?"

ரத்தினவேல் பைப்பை எடுத்து டயருக்குத் தண்ணி அடித்தான். பதில் அவன் பெண்டாட்டி புவனேஸ்வரியிடமிருந்து வந்தது.

"எந்தச் சங்கிலி? பெத்த அப்பனுக்கு மருந்து வாங்குனதுக்குமா பில்லு போடுவாக?"

"மதினி, அவரு அண்ணனுக்கும் அப்பாதானே. அண்ணன் எத்தன பவுனு வச்சாரு?"

"அப்பன் வீட்டுல பொழங்குன பொம்பள பேசுற பேச்சா இது? பொங்கலு தவறாம சீரு வருதுல்ல?"

"ரெண்டு கரும்பும் ஒரு பான அரிசியுமா மதினி நாலு பவுனு?"

சேவுகன் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் எழுந்துவிட்டாள். "சங்கிலிய எடுத்து வச்சுட்டுக் கூப்புடுண்ணே. வந்து போடுறேன்."

குன்றாண்டார்கோவில் தாண்டும்போது சேவுகன் வண்டியை ஓரங்கட்டினான். "திருப்பட்டுமா? நாளைக்குப் போட்டுட்டுப் போயிருவோம்டி. நமக்கு வீடு முக்கியமா சங்கிலி முக்கியமா?"

"ரெண்டும் என்னோடது. எதுக்கு ஒண்ண விடணும்? அவருக்கு அவசரம். ரெண்டு நாள்ல ஓடி வருவாரு பாரு."

சேவுகன் வண்டியை எடுத்தான்.

அண்ணன் ஓடி வரவில்லை. திங்கள் போனது, செவ்வாய், புதன் போனது, ஆடி பிறந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அருணா போன் பண்ணி, "பேர எடுத்தாச்சாக்கா?" என்று கேட்டாள். திலகவதி உடனே அண்ணனுக்கு அடித்தாள்.

"ஆடியிலயா?" என்றான் அவன். "ஆடியில எவன் பத்திரம் போடுவான்? பதினெட்டு கழியட்டும் பார்ப்பம்."

"அண்ணே, எனக்கு முப்பத்தொண்ணாந்தேதி கடைசிண்ணே. அதுக்குள்ள எம்பேர எடுக்கலைன்னா மானியம் போயிரும், வீடும் போயிரும்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வாய் மூடுமுன்னே தெரிந்துவிட்டது.  "அப்புடியா" என்றான் ரத்தினவேல். "நாளைக்குப் பேசுறேன்."

மறுநாள் அவனே அடித்தான். குரல் கனிந்திருந்தது.

"திலகா, ஒனக்காகப் போடுறேன். ஆனா ஆடியில தாய்ப்பத்திரத்த வெளிய எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதுன்னு புவனா அழுகுறா. பரிகாரம் பண்ணணுமாம். இருபதாயிரம் ஆகுமுன்னு சொல்றாக. பத்திரச் செலவும் ஒன்னோடது. நான் என்ன பண்ணட்டும், எனக்கு ஒன் மேல ஆசதான்."

"என்ன பரிகாரம்ணே, யானையவா தானம் குடுக்குறீக?"

"கேலி பேசுறதுன்னா விட்ரு. பதினெட்டு கழிச்சுப் பார்ப்பம்."

தாய்ப்பத்திரம் அவனிடம் இருந்தது. அது இல்லாமல் பத்திரம் பதியாது. திலகவதி மேஸ்திரியிடம் போய் நின்றாள். அவர் முப்பதாயிரம் கொடுத்தார், கூலியில் நாளுக்கு இருநூறு பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. "நூத்தம்பது நாளு வேற செட்டுக்குப் போகக் கூடாது, பாத்துக்க" என்றார். கழுத்து அப்போதும் திரும்பாமல்தான் இருந்தது.

பணம் புரண்டு, பத்திரம் எழுதி முடிய அடுத்த செவ்வாய் ஆகிவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி. பத்திர ஆபீசில் பெஞ்செல்லாம் காலி. பத்திரம் எழுதுகிறவர், "ஆடியில போணி பண்ணி வச்சீக. பத்து நாளா ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். ரத்தினவேல் சட்டைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். வேறு பரிகாரம் எதுவும் கண்ணில் படவில்லை. இருபதாயிரத்தை இரண்டு தடவை எண்ணி, பழத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.

திலகவதி போட்டோவுக்கு உட்கார்ந்தாள். ரேகை விழவில்லை. சிமெண்டு தின்ற விரல். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து நாலாவது தடவைதான் மிஷின் ஏற்றுக்கொண்டது. மேற்படி வீட்டில் தனக்குள்ள பாத்தியதையை அண்ணன்பேரில் கொண்ட அன்பினால் விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்ததை எழுத்தர் ராகம் போட்டு வாசித்தார். அன்பினால் என்ற இடத்தில் சேவுகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அப்படியே நேராகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். அருணா பத்திர நகலை வாங்கி ஏற்றினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மறுபடி ஏற்றினாள்.

"அக்கா, பத்திரம் சரி. ஆனா வரி ரசீதுல உங்க பேரு இன்னும் நிக்குது. இந்தப் பத்திரத்த வச்சு எழுதிக் குடுத்தா பஞ்சாயத்துல பேர எடுப்பாங்க. அது மாறினாத்தான் இது ஏத்துக்கும்."

"எத்தன நாளாகும்மா?"

"பதினஞ்சு நாளு."

"எனக்கு ரெண்டு நாள்தானம்மா இருக்கு."

அருணா யார் யாருக்கோ போன் போட்டாள். மேனேஜர் ரூமுக்குப் போய்விட்டு வந்தாள். "குத்தம் சொல்லல அக்கா, நான் அன்னிக்கே கூப்புட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "ஆனி கடைசியில போட்டிருந்தாக்கூட இன்னிக்கு மாறியிருக்கும்க்கா" என்றாள்.

திலகவதி விரல் விட்டு எண்ணினாள். அண்ணன் நாளைக்கே போடலாம் என்ற அந்தத் திங்கள்கிழமையிலிருந்து இன்றைக்குச் சரியாகப் பதினைந்து நாள். சேவுகன் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் ஒரு குடும்பம் சாவியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சொல்லிக் காட்ட அவனுக்கு ஒரு வாய் வார்த்தை போதும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

முப்பத்தொன்றாம் தேதி முடிந்தது. ஆடிப்பெருக்கன்று நாலாவது வீட்டை வேறொருத்தர் பேசி முடித்தார். அட்வான்சைக் கேட்கப் போனபோது வீடு கட்டினவர் சீட்டைத் திருப்பிக் காட்டினார். வாங்குபவரால் தவறினால் பணம் திரும்ப வராது என்று பின்பக்கம் அடித்திருந்தது. கீழே சேவுகனின் கையெழுத்து.

ஆவணி பிறந்த முதல் வாரம் திலகவதி கீரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஆடி கழிந்ததால் எங்கே பார்த்தாலும் வேலை. மிஷின் நின்ற நேரத்தில் போன் அடித்தது. சட்டியை இறக்காமலே ஒரு கையால் எடுத்தாள்.

"திலகா," என்றான் ரத்தினவேல். "ரசீதுல பேரு மாறிருச்சு. ஒண்டியா எம்பேரு மட்டுந்தான். ஒன் வீடு என்னாச்சு? பால் காய்ச்சுறப்பச் சொல்லு, சீரு கொண்டாந்துருவோம். இனிமே நமக்குள்ள ஒரு கணக்கும் இல்ல பாரு, நிம்மதியா இருக்கு."

இப்போது அவள் பெயரில் எங்கேயும் வீடு கிடையாது. மானியத்துக்கு முழுத் தகுதி.

"வீடு போச்சுண்ணே."

"அடடா. அப்புடியா?"

"ஆமா. கணக்கு இருக்கு."

"என்ன கணக்கு?"

கீழே சந்தனம் மிஷினைக் கிளப்பினான். அவள் சத்தமாகச் சொன்னாள். சாரத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

"நாலு பவுன் சங்கிலி. அப்பா ஆஸ்பத்திரிக்கு நான் வச்சது, அடுத்த மாசம் திருப்பித் தாரேன்னு நீ வைக்கச் சொன்னது. அத நீ எனக்குத் தரணும்ணே."