ஈரல் தின்னாத மாப்பிள்ளை

கறிக்கடையில் கத்தி பிடிக்கிறவருக்குத் தெருவில் ஒரே பெயர்தான். மாப்பிள்ளை. கடையை ஆரம்பித்தது மாமனார். அவர் மகளைக் கட்டிக்கொண்டு வந்து தொழில் பழகியவர் இவர். பல் எல்லாம் போனதும் மாமனார் நாற்காலிக்குப் போனார், இவர் வெட்டுக்கட்டைக்கு வந்தார். காதோரம் நரைத்த பிறகும் பஸ் டிரைவரிலிருந்து பள்ளிக்கூட டீச்சர் வரை எல்லோருக்கும் இவர் மாப்பிள்ளைதான். "மாப்பிள்ளை, தொடைக்கறியில அரைக் கிலோ" என்று கேட்பதில் யாருக்கும் கூச்சமில்லை.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஆட்டை உரித்துத் தொங்கவிட்டதும் அதன் ஈரலில் ஒரு துண்டை, வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்க அறுப்பார்கள். அது தடுப்புக்குப் பின்னால் இருக்கும் அடுப்புக்குப் போகும். மிளகும் உப்பும் போட்டு வதங்கித் தட்டில் திரும்பி வரும். கடைக்காரர் நின்றபடியே அதைத் தின்பார். அதற்குப் பிறகுதான் தராசில் கறி விழும். ஒரு காலத்தில் பக்கத்துத் தெருக் கடையில் பழைய கறியை விற்று, வாங்கித் தின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். கறிக்கடை என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த அந்த நேரத்தில் மாமனார் கண்டுபிடித்த வழி இது. நான் தின்னாததை உனக்குத் தரமாட்டேன், அவ்வளவுதான். மற்ற கடைகள் ஈ ஓட்டும்போது இங்கே வரிசை நிற்பதற்கு அந்த ஒரு தட்டுதான் காரணம்.

சிக்கல் வந்தது மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலில்.

ஒரு நாள் காலையில் விரல் சிவந்து வீங்கிக் கிடந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. முழு ஆட்டைத் தோளில் போட்டு நடக்கிற மனுஷன், மனைவி அறைக்குள் வந்ததும் அலறினார்.

"மெதுவா நட! தரை அதிருது!"

"நான் நடக்கறதே அதிருதா? உங்க குறட்டையில ஜன்னல் ஆடுதே, நான் ஏதாச்சும் சொன்னேனா?"

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். யூரிக் அமிலம் எக்கச்சக்கம். கொழுப்பு அதற்குப் போட்டியாக நின்றது. கல்லீரலிலும் கொழுப்பு படிந்திருந்தது.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"நேத்து வெச்ச கறி."

"மத்தியானம்?"

"அன்னிக்கு வெச்ச கறி."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மாத்திரை தரேன். ஆனா ஈரல், குடல், மூளை இதையெல்லாம் தொடவே கூடாது. கறியையே விட்டுட்டா உங்க உடம்புக்கு இன்னும் நல்லது. முடியுமா?"

"டாக்டர், நான் கறி வெட்டறவன்."

"தாராளமா வெட்டுங்க. திங்கறதைத்தான் சொல்றேன்."

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒரே ஒரு துண்டுதானே என்று தட்டைக் காலி செய்தார். செவ்வாய்க்கிழமை விரல் மறுபடியும் வீங்கியது. கடைக்குச் செருப்பில்லாமல் நொண்டிக்கொண்டு போனார். மாமனார் காரணம் கேட்டதற்கு ஆணி குத்திவிட்டது என்றார்.

"அப்பாகிட்ட சொல்லிடலாமே" என்றாள் மனைவி.

"உங்கப்பா கடையை என் கையை நம்பியா குடுத்தாரு? வாயை நம்பிக் குடுத்தாரு. திங்கமாட்டேன்னு சொன்னா அடுத்த ஞாயிறு வரிசையில நாய்கூட நிக்காது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தடுப்புக்குப் பின்னாலிருந்து தட்டு வந்தபோது அதிலிருந்தது கத்திரிக்காய். தோலோடு துண்டு போட்டு, மிளகு தூக்கலாகப் போட்டு, கருக வதக்கியிருந்தாள் மனைவி. பார்க்க அச்சு அசல் ஈரல். மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்தார். பிறகு கண்ணை மூடி, ரசித்து, எலும்பே இல்லாததை எலும்பு கடிப்பதுபோல மென்று தின்றார். கொஞ்சம் மிகைதான். யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் முதல் சில வாரங்கள் நரகம். பருப்பும் பயறும் வயிற்றுக்குள் மேளம் கொட்டின. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். தின்று கை கழுவிய கையோடு பசித்தது.

"கீரையைத் தின்னுட்டு எப்படி ஆட்டைத் தூக்கறது?"

"அந்த ஆடு மட்டும் என்ன தின்னு அவ்வளவு கனம் கனக்குதாம்?" என்று சொல்லிவிட்டு அவள் இன்னொரு கரண்டி கீரை வைத்தாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கோபத்தைத் தொடர முடியவில்லை.

மெதுவாக உடம்பு வழிக்கு வந்தது. விரல் அடங்கியது. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. மாடிப்படியில் பாதி வழியில் நின்று மூச்சு வாங்கும் பழக்கம் எப்போது விட்டதென்று அவருக்கே தெரியவில்லை. குறட்டை நின்றது. முதல் சில நாள் அந்த அமைதியில் மனைவிக்குத் தூக்கம் வரவில்லை. கை நீட்டி, மூச்சு வருகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மறுபடி ரத்தம் பார்த்து, நன்றாகக் குறைந்திருக்கிறது என்றார். "எல்லாப் பெருமையையும் கீரைக்கே குடுத்துடாதீங்க. மாத்திரையும் வேலை செஞ்சிருக்கு, எடை குறைஞ்சதும் வேலை செஞ்சிருக்கு. பாலையும் முட்டையையும் விட்டுடாதீங்க. அதுவும் இல்லன்னா சில சத்து குறைஞ்சு கை கால் மரத்துப்போகும்." மாப்பிள்ளை தலையாட்டினார். கறி தின்ன ஆசை இருக்கிறதா என்று கேட்டார் டாக்டர். யோசித்துப் பார்த்தார். இல்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இப்படியே போயிருந்தால் வம்பில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் டிரைவர் வரிசையில் நின்றபடி வாயைத் திறந்தார்.

"என்ன மாப்பிள்ளை, தொப்பை எங்க? முகம் வேற பளபளன்னு இருக்கு. என்னதான் சாப்பிடறீங்க?"

மாப்பிள்ளை பதில் தேடுவதற்குள் நாற்காலியிலிருந்து மாமனார் முந்திக்கொண்டார். "கண்ணு முன்னாடிதானே திங்கறாரு! எல்லாம் ஈரல் பண்ற வேலை!"

அன்று ஈரல் நிமிஷத்தில் தீர்ந்தது. டிரைவர் முன்பதிவே செய்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வாரம் அவர் வந்தபோது ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். ஷூ கடிக்கிறதாம். மாப்பிள்ளைக்கு எந்த ஷூ என்று தெரியும். ஈரலைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும்போது கை கூசியது. சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் கால் போகும். அந்த வாரம் பாதி எடைக்கு மேல் தராமல், தீர்ந்துவிட்டது என்று சமாளித்தார். பின்னால் இன்னும் முழு ஈரல் தொங்கியது.

அதற்கும் அடுத்த ஞாயிறு. தட்டு வந்தது. மாப்பிள்ளை வழக்கம்போலக் கண்ணை மூடி ஒரு துண்டை வாயில் போட்டார்.

"துப்புங்க அதை!"

கண்ணைத் திறந்தார். வரிசையில், கையில் பையோடு, டாக்டரம்மா. அவர் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். வழக்கமாக வாங்கும் கடை அன்று மூடியிருந்தது. யாரோ சொன்னார்கள், மாப்பிள்ளை கடைக்குப் போங்கள், கறி நன்றாக இருக்கும் என்று.

"அன்னிக்கு அவ்வளவு தூரம் சொன்னேனே! ஈரலா திங்கறீங்க? ஊர் முன்னாடி நின்னுகிட்டு!"

"ஏன் டாக்டர், ஈரலுக்கு என்ன?" என்றார் டிரைவர், ஒற்றைக்காலில் நின்றபடி.

வாயில் கத்திரிக்காய். எதிரே டாக்டர். பக்கத்தில் மாமனார். ஈரல்தான் என்று சொன்னால் திட்டோடு போகும், கடையும் பிழைக்கும். மாப்பிள்ளை டிரைவரின் தூக்கிய காலைப் பார்த்தார். வாயிலிருந்ததை விழுங்கினார்.

"டாக்டர், இது ஈரல் இல்ல. கத்திரிக்காய்."



டிரைவர் எட்டித் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். "ஆமா. கத்திரிக்காய்தான்." இன்னொன்றும் எடுத்தார். "நல்லாத்தான் இருக்கு."

"எவ்வளவு நாளா நடக்குது இது?" என்றார் டீச்சர். வகுப்பில் கேட்கும் குரல்.

"ஆறு மாசமா, டீச்சர்."

"ஆறு மாசமா எங்க எல்லாருக்கும் காது குத்தியிருக்கீங்க. அப்படின்னா ஈரல்ல என்ன கோளாறு?"

பின்னாலிருந்து இரண்டு பேர் வரிசையை விட்டு விலகினார்கள். மாமனார் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"என் கடையில... கத்திரிக்காயா?"

"மாமா, கறி மேல குத்தமில்ல. என் ரத்தத்துல குத்தம். கால்ல வந்தது ஆணி இல்ல, வாதம். கறியை விட்டேன், நல்லாயிட்டேன். டிரைவர் சார், உங்களைக் கடிக்கறது ஷூவான்னு டாக்டரைக் கேளுங்க. என்னைப் பாத்துட்டு ஈரல் வாங்காதீங்க."

"அதெல்லாம் சரி மாப்பிள்ளை" என்றார் டிரைவர். "நான் கேக்கறதைத் தப்பா நினைக்காதீங்க. திங்காதவர் விக்கற கறியை நாங்க எப்படி நம்பறது?"

ஆறு மாதமாக மாப்பிள்ளை பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

"கொண்டாங்க, நான் திங்கறேன்" என்றார் மாமனார்.

"பல்லு?"

"முழுங்கறேன்!"

"அப்பா, உக்காருங்க." தடுப்பைத் தள்ளிக்கொண்டு மகள் வெளியே வந்தாள். கையில் கரண்டி. "வாரா வாரம் இங்க அறுத்த ஈரல் உள்ள வந்துச்சே. அது எங்க போச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. மாப்பிள்ளை உட்பட.

"நான்தான் தின்னேன்."

"நீயா?" என்றார் மாப்பிள்ளை. "பூனைக்குப் போட்டிருப்பேன்னு நினைச்சேன்."

"பூனைக்கா! மிளகு போட்டு வதக்கினதையா?" அவள் வரிசையின் பக்கம் திரும்பினாள். "கடை கறியை வீட்டாள் ஒருத்தர் தின்ன பிறகுதான் உங்களுக்கு வந்திருக்கு. ஒரு வாரம்கூடத் தவறல. ஆள்தான் மாறிச்சு."

"நாங்க பாக்கலையே" என்றார் டீச்சர். விடுவதாக இல்லை.

"இப்போ பாருங்க."

அவள் உள்ளே போய் அடுப்பையே தூக்கிக்கொண்டு வந்து கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை அறுத்துக் கொடுத்தார். வாணலியில் சுரீரென்றது. வாசனை வரிசை முழுக்கப் போனது. அவள் ஊதி ஊதித் தின்றாள். கண்ணை மூடவில்லை, நடிக்கவில்லை. பசித்தவர் சாப்பிடுவதைப்போலச் சாப்பிட்டாள்.

"உங்களுக்கு ரத்தப் பரிசோதனை?" என்றார் டாக்டரம்மா.

"போன வருஷம் ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. போன மாசம் பாத்தப்போ சரியாயிருக்குன்னாங்க."

"வாரத்துக்கு ஒரு துண்டுதானே? சாப்பிடுங்க." டாக்டரம்மா பையை நீட்டினார். "எனக்கு ஒரு கிலோ. ஈரல் வேண்டாம்."

வரிசை சிரித்தது. விலகிப் போன இருவரில் ஒருவர் திரும்பி வந்து, போகவே போகாதவர்போல நின்றுகொண்டார். இன்னொருவர் வரவில்லை. டிரைவர் டாக்டரம்மாவின் அருகில் நகர்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"கிளினிக்குக்கு வாங்க. இங்க கழட்டாதீங்க."

மாமனார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடை கழுவும் நேரத்தில் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"இப்போ உடம்புக்கு எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு மாமா."

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கத்துவீங்கன்னு..."

"கத்தியிருப்பேன். கத்தி முடிச்சதும் விட்டிருப்பேன். அதுக்காக ஆறு மாசமா கத்திரிக்காயை அப்படி ரசிச்சா திம்பாங்க? எனக்கே எச்சில் ஊறிச்சு."

மாப்பிள்ளை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். பல்லில்லாத சிரிப்பு, சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பு முன்னால்தான் இருக்கிறது. வரிசை முன்புபோல் நீளமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். டிரைவர் குடும்பத்துக்குக் கோழிக்கறி வாங்குகிறார், தனக்கு எதுவும் வாங்குவதில்லை, மாப்பிள்ளையிடம் பயறு வேகவைக்கும் பக்குவம் கேட்கிறார். பின்னால் நிற்பவர்கள் இது கறிக்கடையா காய்கறிக்கடையா என்று கத்துகிறார்கள். போனது போக இருக்கிற வியாபாரம் மூன்று பேருக்குப் போதும்.

அவள் முதல் துண்டைத் தின்கிறாள். சில வாரம் இரண்டாவதற்கும் கை நீட்டுகிறாள்.

"விக்கறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைம்மா" என்கிறார் அப்பா.

அவள் விரலை நக்கிக்கொண்டு கணவனைப் பார்த்துத் தலையசைக்கிறாள். கறி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்கு அது போதும். கத்தியைக் கையில் எடுக்கிறார்.

"யாருங்க முதல்ல?"