குறுக்கே போகிறவர்கள்

கடைசிப் புல் சுருளை அவர் விரித்துக்கொண்டிருந்தபோதுதான் நர்ஸ் வந்து நின்றாள். காலை ஆறே முக்கால். புல்லின் விளிம்பில் வைக்கத் தூக்கிய காலை, அங்கே மண்டியிட்டிருந்த மனிதரைப் பார்த்ததும் அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டாள். மூலை வீடு அது. தெருவைச் சுற்றி வராமல் அந்த வீட்டின் முன்வெளியில் குறுக்காக நடந்தால் பஸ் நிறுத்தத்துக்கு நாலு நிமிடம் மிச்சம். பாதித் தெரு வருடக்கணக்கில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போய்ப் போய்ப் புல் செத்து, மூலைக்கு மூலை ஒரு முழ அகலத்தில் மண் தடம் விழுந்திருந்தது. அந்தத் தடத்தின் மேல்தான் செக்கர் இப்போது புல்லைப் பாய் போல விரித்து, உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"வழிய அடைச்சிட்டீங்களா சார்?"

"அடைக்கிறதெல்லாம் இல்லம்மா. சரி பண்றேன். நீ ரோட்டு வழியா போயிடேன், நாலு நிமிஷந்தான் கூட ஆகும்."

நர்ஸ் மணியைப் பார்த்தாள். "அழகா இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போனவள், கொஞ்சம் தள்ளி நின்று, "அக்காவுக்கு முட்டி எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவால்ல." அவர் தலையை நிமிர்த்தவில்லை.

செக்கர் என்பது பெயர் அல்ல, பிழைப்பு. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் மேசை விளக்கின் கீழ் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, பிறர் தைத்ததில் குறை கண்டவர். ஒரு தையல் தாவியிருக்கும், ஒரு பித்தான் ஓட்டை கோணியிருக்கும். அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். ஓய்வு பெற்றுவிட்டார் என்பதற்காகக் கண் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ஜன்னல் அரை அங்குலம் சாய்ந்திருப்பது கூட அவரை உறுத்தும். தன் வீட்டு வாசலில் கிடந்த மண் தடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நல்ல சட்டையின் மார்பில் பிரிந்து கிடக்கும் தையலைப் பார்ப்பது போலத்தான் தினமும் அதைப் பார்த்தார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவர் இறந்தபின் அக்கா இங்கே வந்து சேர்ந்தாள்; பதினாறு வருடம் தம்பியும் அக்காவுமாகச் சண்டை போட்டுக்கொண்டு சௌகரியமாக இருந்தார்கள். போன குளிருக்கு அக்காவின் முட்டி வீங்கிவிட்டது. லிஃப்ட் இருக்கிற வீடு, ஆஸ்பத்திரி பக்கம் என்று மகள் வந்து அழைத்துப் போனாள். பத்து நாள் என்றார்கள். ஐந்து மாதமாகிவிட்டது. அதற்குப் பிறகு செக்கர் ஒரு நாளில் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் முக்கால்வாசி, குறுக்கே போகிறவர்கள் கேட்கிற கேள்விக்குச் சொல்கிற பதில். அக்கா எப்படி இருக்காங்க? நல்லா இருக்கா. எப்ப வர்றாங்க? வருவா. அதைப் பேச்சு என்று அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. தொல்லை என்றுதான் நினைத்தார்.

இப்போது அக்கா வரப்போகிறாள். இரண்டு வாரம் இருப்பதாகச் சொல்லியிருந்தாள். அவளைத் திரும்ப அனுப்பக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அந்தக் குடும்பத்திலேயே யாருக்கும் கிடையாது. "வீட்டு முன்னாடி பாக்கவே நல்லால்லடா," என்று அக்கா எப்போதோ ஒருமுறை சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. சரி, வீட்டையே அவளால் விட்டுப் போக முடியாதபடி செய்துவிடுவது என்று மண்வெட்டியை எடுத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த ஆறு வாரம் போல சந்தோஷமாக அவர் ஆயுளில் இருந்ததில்லை. குளிர் விட்டு மண் இளகிய முதல் வாரமே கொத்த ஆரம்பித்தார். முதல் நாள் இடுப்பு போயிற்று. இரண்டாம் நாள் கை கொப்புளித்தது. மூன்றாம் நாளிலிருந்து பசி எடுத்தது. கல் பொறுக்கினார், உரம் கலந்தார், சுவரோரம் ரோஜாவை நட்டு, அதற்கு முன்னால் டேலியாக் கிழங்குகளைப் புதைத்தார். கயிறு கட்டி, மட்டம் பார்த்து, செங்கல்லைச் சாய்த்து வைத்துப் பாத்திக்குக் கரை போட்டார். இரண்டு மூலையிலும் இடுப்பு உயரத்துக்கு வேலிச்செடி. கேட்டுக்குப் பெயிண்ட். சாயங்காலமானால் கையில் டீயோடு எதிர்ப்பக்கம் போய் நின்று, தன் வீட்டையே யாரோ ஒருவர் வீடு போலப் பார்ப்பார். பிறர் செய்ததைத் திருப்பி அனுப்பியே காலம் தள்ளிய கைகளா இவை என்று அவருக்கே வியப்பாக இருந்தது. முதல் ரோஜா மொட்டு விட்ட அன்று, யாரிடம் சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்குள் போய் இரண்டு முறை வெளியே வந்தார்.

அக்கா வந்து இறங்கியபோது டேலியா கூடப் பூத்திருந்தது. ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் கீழே வைத்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"டேய், இது நம்ம வீடாடா?"

"வேற யார் வீடு?"

"பொய் சொல்லாத. ஆள் வச்சுத்தான செஞ்ச?"

அவர் கைகளை விரித்துக் காட்டினார். அக்கா அந்தக் காய்ப்புகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. முட்டி வலியைப் பார்க்காமல் ஒவ்வொரு செடியாகப் போய்க் குனிந்தாள். செக்கருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சமையலை அவரே செய்தார், உப்பைப் போட மறந்தார், இரண்டு பேரும் அதையும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அக்கா முன்னறை ஜன்னலைத் திறந்து, பழைய இடத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையில் டீ. ஏழாயிற்று, ஏழேகால் ஆயிற்று. டீயில் ஆடை படிந்தது.

"நர்ஸ் பொண்ணு லீவாடா?"

"ரோட்டு வழியா போறா."

"பேக்கரிக்காரரு?"

"அவரும்தான்."

"அந்த காலேஜ் பொண்ணுங்க ரெண்டு பேரும்? சின்னவளுக்கு வேலை கெடச்சுதா, என்ன ஆச்சு?"

செக்கருக்குத் தெரியவில்லை. சின்னவள் எது, பெரியவள் எது என்றே தெரியவில்லை. அக்கா ஜன்னல் வழியாக அந்தப் புல்லைப் பார்த்தாள். பச்சையாக, மடிப்பில்லாமல், ஒரு குறை சொல்ல முடியாதபடி விரிந்து கிடந்தது. ஈ காக்கா இல்லை. "ஓ," என்றாள்.

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குக் கிலியாக இருந்தது. வாய் ஓயாத அக்கா. மூன்றாம் நாளும் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான்காம் நாள் நாற்காலியைச் சமையலறைக்கே கொண்டுபோய்விட்டாள். ஐந்தாம் நாள் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு அவர் உள்ளே வரும்போது, போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைக்கே டிக்கெட் போடச் சொன்னாள்.

"ரெண்டு வாரம்னு சொன்ன?"

"முட்டி வலிக்குதுடா."

"அங்க மட்டும் வலிக்காதா?"

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். "அங்க பால்கனியில உக்காந்தா, லிஃப்ட்டுக்கு வர்றவங்க நாலு பேராவது கைய ஆட்டுவாங்க. என்ன மாமி, சாப்டீங்களான்னு கேப்பாங்க. அது போதும் எனக்கு."

"இவ்வளவு பூ வச்சிருக்கேனே அக்கா." அதைச் சொல்லும்போது குரல் சின்னப் பையன் குரல் போல வந்ததில் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"வச்சிருக்க. கண்ணு பட்டுடும் போல இருக்கு." அவள் எழுந்து வந்து அவர் தோளில் கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள். "யார் பாக்குறதுக்குடா?"

சனிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். கேட்டைச் சாத்தவில்லை. சட்டையைக் கூட மாற்றாமல் மண்வெட்டியை எடுத்து, இந்த மூலையில் மூன்று, அந்த மூலையில் மூன்று என்று வேலிச்செடிகளை வேரோடு கிளப்பினார். இப்போதுதான் வேர் பிடித்திருந்தது, வர மறுத்தன. குழிகளை மண் போட்டு மூடி, ஆள் நுழையும் அகலம் இருக்கிறதா என்று தானே நுழைந்து பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, அக்காவின் நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்து வந்து அதில் உட்கார்ந்தார். ஆறே முக்காலுக்கு நர்ஸ் வந்தாள். மூலையில் வேலி இல்லாததைப் பார்த்தாள். நின்றாள். துடைத்துவைத்த தரை போல இருந்த புல்லைப் பார்த்துவிட்டு, தன் ஷூவைப் பார்த்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து கூப்பிட்டிருக்கலாம். "வாம்மா, இப்படியே போ" என்றால் முடிந்தது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சுற்று வழியே போனாள். பேக்கரிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்லூரிப் பெண்கள் எதிர்ப்பக்கமாகவே போனார்கள். அவர்களில் சின்னவள் எது என்று அவர் உற்று உற்றுப் பார்த்தார்.

செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அவர் ஜன்னலில் உட்காரவில்லை. தொழிற்சாலைக்குப் போட்டுப்போன கனமான ஷூவைத் தேடி எடுத்துத் தூசி தட்டி மாட்டிக்கொண்டார். மூலைக்குப் போய் நின்றார். தன் கையால் தட்டித் தட்டிப் பதித்த புல்லின் மேல் முதல் அடியை வைத்தார். பிறகு நடந்தார். அந்த மூலைவரை போய், திரும்பி, அதே நேர்க்கோட்டில் வந்தார். மறுபடியும் போனார். ஷூ முனையை அழுத்தி, குதிகாலை அழுத்தி, வேண்டுமென்றே காலைத் தேய்த்து நடந்தார். பனி ஈரத்தில் கால்சட்டை முழங்கால்வரை நனைந்துவிட்டது.

ஒன்பதாவது தடவை திரும்பும்போது ரோட்டில் நர்ஸ் நிற்பது தெரிந்தது. அவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்; ஆனாலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கர் நடப்பதை நிறுத்தவில்லை. அவர் கால் எடுத்த இடத்தில் எல்லாம் புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது.