கட்டிலுக்குப் பின்னால் கழிப்பறை

ரோட்டோருவா நகரில் ட்ரெவர் மூன்று மாதம் மாடாய் உழைத்து, தன் இரண்டு மலைச்சைக்கிள்களையும் கட்டிலும் கழிப்பறையும் வைத்த கேம்பர் வேனுக்குள்ளேயே நிறுத்த வழி செய்துவிட்டார். முன்சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் ஃபோர்க்கைத் தரையோடு முடுக்கிவிட்டால் நிலநடுக்கத்துக்கும் அசையாது. அதற்கு இடம் வேண்டுமே என்று கழிப்பறையைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளியிருந்தார். மனைவி ரேவினைக் கேட்கவில்லை.

வேனில் தங்குவதற்கு, எத்தனை பேர் தங்கலாம் என்று எழுதிய அனுமதி அட்டை வேண்டும்; கட்டிலை விரித்திருக்கும்போதும் கழிப்பறைக்குப் போக வழி இருக்க வேண்டும் என்பது விதி. வேனைச் சோதிக்க வந்த அதிகாரி விரேமு கட்டிலை விரிக்கச் சொன்னார்.

"இப்ப கழிப்பறையில போய் உக்காந்து காட்டுங்க."

ட்ரெவர் காலைத் தூக்கினார், குனிந்தார், ஹேண்டில்பாரில் சட்டையைக் கிழித்துக்கொண்டார். கடைசியில் சைக்கிள் சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"அதுக்குப் பேரு கழிப்பறை இல்லீங்க. கட்டிலை ஒரு ஆள் படுக்கற அளவுக்கு மடிச்சாத்தான் அங்க போக வழி இருக்கு," என்ற விரேமு, அட்டையில் எழுதிக் கொடுத்தார்: தங்கக்கூடியவர், ஒருவர்.

ரேவின் அதை வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு சாவியோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த ஒருத்தர் நான்தான். உனக்கென்ன, ரெண்டு சைக்கிள் இருக்கே! இறக்கிட்டு, எதுல வேணும்னாலும் மிதிச்சு வா."